வீட்டு மரத்தில் தச்சுத் தேனீ துளை போட்டால் என்ன செய்வது?

வீட்டு உத்தரத்திலோ ஜன்னல் சட்டத்திலோ யாரோ ட்ரில்லர் வைத்துப் போட்டது போல ஒரு சுத்தமான வட்டத் துளை. அதற்கு நேர் கீழே தரையில் ஒரு பிடி மரத்தூள். பக்கத்திலேயே பெரிய கறுப்பு வண்டு ஒன்று ரீங்காரத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் கையில் கிடைத்த பூச்சி ஸ்பிரேயை எடுத்து அடிப்பார்கள், இல்லையென்றால் துளையில் எதையாவது பூசி அப்போதே அடைத்துவிடுவார்கள். இரண்டுமே அநேகமாக வேலைக்கு ஆகாது. ஏன் ஆகாது என்பது புரிந்துவிட்டால் எது ஆகும் என்பதும் தானாகப் புரிந்துவிடும், ஆகவே முதலில் அந்தப் பூச்சி உள்ளே என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

கருவண்டு, மரவண்டு என்றெல்லாம் சொன்னாலும் இது தேனீ வகைதான். தச்சுத் தேனீ. சைலோகோபா என்ற பேரினத்தைச் சேர்ந்தது, உலகம் முழுக்க இதில் 400-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரிய இனங்கள் 2 முதல் 2.5 செ.மீ. நீளம் வரும், பலவற்றின் இறக்கையில் வெயில் பட்டால் நீலமோ ஊதாவோ மின்னும். குளிர் நாடுகளில் இதைப் பம்பிள் தேனீயோடு குழப்பிக்கொள்வார்கள். பிரித்துப் பார்க்க வயிற்றைக் கவனித்தால் போதும்: பம்பிள் தேனீக்கு வயிறு முழுக்க அடர்ந்த ரோமம் இருக்கும், தச்சுத் தேனீயின் வயிற்றின் மேல்பக்கம் அநேகமாக ரோமமே இல்லாமல் வழவழவென்று பளபளக்கும்.

முகத்துக்கு நேரே வந்து அந்தரத்தில் நின்று முறைப்பது போல மிரட்டும் தேனீ ஒன்று இருக்கிறதே, பலரும் பயப்படுவது அதைப் பார்த்துத்தான். அது ஆண். கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு எல்லையை வைத்துக்கொண்டு அதற்குள் வரும் எதையும், இன்னொரு ஆணையோ பறவையையோ உங்களையோ, விரட்டப் பார்க்கும். ஒரு சிறு கல்லைத் தூக்கிப் போட்டால் அதன் பின்னாலும் ஓடும். ஆனால் அதனால் கொட்டவே முடியாது. தேனீக்களின் கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு மாறி உருவானது, ஆணுக்கு அந்த உறுப்பே கிடையாது என்னும்போது கொடுக்கு எங்கிருந்து வரும்? பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, கொட்டினால் நன்றாகவே வலிக்கும், தேனடைத் தேனீ போலக் கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது என்பதால் திரும்பத் திரும்பவும் கொட்ட முடியும். ஆனால் கையில் பிடித்தாலோ, மிதித்தாலோ, துளைக்குள் விரலை விட்டாலோ தவிர அது பொதுவாக நம் பக்கம் வருவதில்லை. தேனடை போல ஆயிரக்கணக்கில் கூட்டமாக வாழும் பூச்சி இது கிடையாது. பாதுகாக்க ராணியோ சேர்த்து வைத்த தேனோ இல்லை. ஒரு பெண், ஒரு சுரங்கம், சில இனங்களில் தாயும் மகள்களும் ஒரே சுரங்கத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தச்சுத் தேனீ மரத்தைத் தின்பதில்லை. கரையானுக்கு மரம் சாப்பாடு, இதற்கு மரம் வீடு. சாப்பாடு எல்லாம் பூவில்தான், தேனும் மகரந்தமும். மரத்தைத் தாடையால் சுரண்டித் தூளை வெளியே தள்ளிவிடும், கொஞ்சத்தை மட்டும் உள்ளே தடுப்புச் சுவர் கட்ட வைத்துக்கொள்ளும். மரத்தின் மேல் அடித்த மருந்து பெரும்பாலும் பலிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். தின்றால் அல்லவா விஷம் வயிற்றுக்குள் போகும்? மேற்பரப்பில் அடித்தது வெயிலிலும் மழையிலும் சில நாளில் வீரியம் இழந்துவிடும், அதற்குள் சுரங்கத்தின் உள்ளே இருக்கும் முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

சுரங்கம் எப்படிப் போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். துளையின் வாய் 1 செ.மீ. முதல் 1.5 செ.மீ. அகலம், கிட்டத்தட்டத் துல்லியமான வட்டம். மரத்தின் ரேகைக்குக் குறுக்கே இரண்டு மூன்று செ.மீ. உள்ளே போனதும் சட்டென்று திரும்பி, ரேகையோடு சேர்ந்து நீளவாக்கில் போகும். ரேகையோடு போவது சுலபம் என்பதால் அந்தத் திருப்பம். புதிதாகக் குடைவது என்றால் 2.5 செ.மீ. போகவே ஐந்தாறு நாள் ஆகும், அவ்வளவு மெதுவான வேலை. உடம்பை அதிரவைத்துச் சுரண்டுவதால் மரத்தில் காதை வைத்தால் உள்ளே கரகரவென்று கேட்கும். புதுச் சுரங்கம் சாதாரணமாக 10 முதல் 15 செ.மீ. இருக்கும்.

குடைந்து முடித்ததும் உள்கோடியில் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து ஓர் உருண்டை வைத்து, அதன் மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளை மென்று கூழாக்கி ஒரு தடுப்பு கட்டும். அப்புறம் அடுத்த அறை. இப்படியே ஆறு முதல் எட்டு அறை வரை. (பூச்சிகளிலேயே மிகப் பெரிய முட்டை இடுபவற்றில் இதுவும் ஒன்று, சில இனங்களின் முட்டை ஒரு செ.மீ.யையும் தாண்டும், அதனால் எண்ணிக்கை குறைவு.) முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, முழுத் தேனீயாக வெளியே வர வெப்பத்தைப் பொறுத்து ஐந்து வாரத்திலிருந்து ஏழெட்டு வாரம் வரை ஆகும். குளிர்காலம் கடுமையாக இருக்கும் இடங்களில் கோடை முடியும் நேரத்தில் புதுத் தலைமுறை வெளிவந்து, பூவில் மேய்ந்துவிட்டு, மறுபடி அதே சுரங்கத்துக்குள் போய் ஒடுங்கிக்கிடந்து வசந்தத்தில்தான் கிளம்பும். வெப்பமான இடங்களில் இப்படி ஓர் ஓய்வுக்காலம் கிடையாது, ஆண்டு முழுக்க நடமாட்டம் இருக்கும், ஓர் ஆண்டிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைகள் வரும்.

வளர்ந்த பெண் தேனீ வேறு இடம் தேடி ஓடுவதை விடப் பிறந்த சுரங்கத்தையே சுத்தம் செய்து, கொஞ்சம் நீட்டி, கிளை பிரித்துப் பயன்படுத்தவே விரும்பும். புதிதாகக் குடைய எவ்வளவு நேரமும் தெம்பும் வேண்டும் என்று மேலே பார்த்தோம் இல்லையா, கட்டிய வீடு இருக்கும்போது அந்தப் பாடு எதற்கு? ஆகவே முதல் ஆண்டு ஒரு சாண் அளவில் இருந்த சுரங்கம் நாலைந்து ஆண்டில் மீட்டர் கணக்கில் நீண்டு, ஒரே மரத்துக்குள் பல கிளைகளாகப் பரவிவிடும். சேதம் என்று நாம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஒரு துளை பெரிய விஷயமே இல்லை, கனமான உத்தரத்தில் ஒற்றைச் சுரங்கம் இருப்பதால் கூரை இடிந்து விழாது. கண்டுகொள்ளாமல் விட்ட பழைய துளைதான் ஆளை ஆளாகக் கூப்பிட்டுக் கொண்டுவருகிறது.

அது போக இன்னும் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று தண்ணீர்: துளை வழியாக மழைநீர் உள்ளே போய்த் தங்கினால் மரம் உள்ளிருந்தே மக்க ஆரம்பிக்கும். இன்னொன்று மரங்கொத்தி. உள்ளே கொழுத்த புழுக்கள் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டால் சுரங்கத்தின் நீளத்துக்கும் மரத்தைக் கொத்திப் பிளந்துவிடும், தேனீ பல ஆண்டில் செய்யாத அலங்கோலத்தை அது சில நாளில் செய்துவிடும்.

உங்கள் வீட்டில் இருப்பது இதுதானா என்று உறுதிசெய்துகொள்வது எளிது. கரையான் என்றால் மண் பூசிய பாதைகள் தெரியும். மரம் உளுத்துப்போவது என்றால் ஊசிமுனை அளவிலிருந்து சில மி.மீ. வரை பொடிப்பொடித் துளைகளும், மாவு போன்ற மெல்லிய தூளும் இருக்கும். தச்சுத் தேனீயின் தூள் கொரகொரப்பாக, சின்னச் சின்னச் செதில்களாக இருக்கும், துளை விரல் நுழையும் அளவுக்குப் பெரியது, துளைக்குக் கீழே சுவரிலோ மரத்திலோ மஞ்சளும் பழுப்பும் கலந்த கறை வழிந்திருக்கும். அது எச்சம். துளை பெரும்பாலும் பலகையின் அடிப்பக்கத்தில் இருக்கும் என்பதால் நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும். முதலில் கண்ணில் படுவது தரையில் கிடக்கும் தூள்தான்.

சரி, எந்த மரத்தைத் தேடி வருகிறது? பெயின்ட் இல்லாத, வெயிலில் காய்ந்து வெளுத்த, மென்மையான மரம். பைன், தேவதாரு போன்றவை இதற்கு ரொம்பப் பிடிக்கும். வைரம் பாய்ந்த கெட்டி மரத்தைக் குடைய மாட்டாது என்று சொல்ல முடியாது, ஆனால் பக்கத்தில் மென்மையான மரம் இருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுக்கும். சில இனங்கள் மூங்கிலுக்குள் மட்டுமே குடியிருக்கும். உயிரோடு நிற்கும் மரத்தை அநேகமாகத் தொடாது, பட்டுப்போன கிளை என்றால் சரி. வீட்டில் எடுத்துக்கொண்டால் கைமரத்தின் நுனி, தாழ்வாரக் கூரையின் விளிம்புப் பலகை, மாடிப்படிக் கைப்பிடி, வேலி, பந்தல் கால், தோட்டத்து பெஞ்சின் அடிப்பக்கம் இவைதான் வழக்கமான இடங்கள். ஏற்கெனவே ஆணி பிடுங்கிய ஓட்டையோ வெடிப்போ இருந்தால் இன்னும் வசதி, அங்கிருந்தே ஆரம்பித்துவிடும்.

ஆக, நாம் கவனிக்க வேண்டியது தேனீயை அல்ல, மரத்தின் மேற்பரப்பை. இருப்பதிலேயே நம்பகமான தடுப்பு பெயின்ட்தான். ஆயில் பெயின்டோ பாலியூரித்தேன் பூச்சோ, ப்ரைமர் அடித்து அதன் மேல் இரண்டு கோட். மரத்தின் நிறமும் ரேகையும் தெரிய வேண்டும் என்று மெல்லிய மரச்சாயமோ எண்ணெயோ மட்டும் பூசினால் பலன் குறைவு, ஏனென்றால் மரத்தின் சொரசொரப்பு அப்படியே வெளியே இருக்கும். பெயின்ட் அடிப்பவர்கள் கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்தை மினுமினுவென்று முடித்துவிட்டு அடிப்பக்கத்தையும், பின்விளிம்பையும், அறுத்த முனைகளையும் விட்டுவிடுவார்கள். தேனீ தேடிப் போவது சரியாக அந்த இடங்களைத்தான். பக்கத்திலேயே நின்று ஏணியில் ஏறிப் பார்த்து வேலை வாங்குவது நல்லது. பூச்சு உரிந்துபோனால் பாதுகாப்பும் போய்விட்டது என்று அர்த்தம், ஆகவே சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்கத்தான் வேண்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன் ஆணி ஓட்டைகளையும் வெடிப்புகளையும் புட்டி வைத்து மூடிவிடுங்கள்.

இருக்கிற துளையை அடைப்பதில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். உள்ளே தேனீ இருக்கும்போது வாயை மூடினால் அது சும்மா செத்துப்போகாது, தாடையும் தெம்பும் இருக்கிறது, பக்கவாட்டில் இன்னொரு வழி குடைந்து வெளியே வரும். ஒரு துளை இருந்த இடத்தில் இரண்டு ஆகிவிடும். ஆகவே காலியான பிறகே அடைக்க வேண்டும். காலியா என்று பார்க்க டிஷ்யூ காகிதத்தையோ செய்தித்தாள் துண்டையோ துளை வாயில் லேசாகச் சொருகி வையுங்கள். நல்ல வெயில் அடிக்கும் இரண்டு மூன்று நாளில் காகிதம் வெளியே தள்ளப்பட்டிருந்தால் ஆள் இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனை வளர்ந்த தேனீயை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும், உள்ளே அறைகளில் முட்டையோ புழுவோ இருந்தால் அவை எப்படிக் காகிதத்தைத் தள்ளும்? பின்னங்காலில் மஞ்சள் மகரந்தம் அப்பிய தேனீ துளைக்குள் போவதைச் சமீபத்தில் பார்த்திருந்தால் இரண்டு மாதமாவது விட்டுவிட்டு, குஞ்சுகள் வெளியேறிய பிறகு சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். குளிர் நாடுகளில் இருப்பவர்களுக்கு இது கோடை முடிந்து குளிர் தொடங்குவதற்கு முந்தைய இடைவெளி, அதை விட்டால் புதுத் தேனீக்கள் குளிருக்கு உள்ளே ஒடுங்கிவிடும்.

அடைக்கும்போது வெறும் புட்டியோ சிலிக்கானோ மட்டும் போதாது. மென்மையாக இருந்தால் சுலபமாகக் குடைந்துவிடும். முதலில் வளைந்த கம்பியால் உள்ளே இருக்கும் தூளையும் பழைய அறைகளின் குப்பையையும் முடிந்தவரை இழுத்து எடுத்துவிடுங்கள். அப்புறம் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைச் சுருட்டி உள்ளே இறுக்கித் திணியுங்கள், அதைக் கடித்துப் போக அதனால் முடியாது. மழை படும் இடமாக இருந்தால் துருப்பிடிக்காத எஃகு நாராகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் துருக்கறை மரத்தில் இறங்கும். அதன் மேல் துளைக்குச் சரியான அளவில் ஒரு மர முளையைப் பசை தடவி அடித்து, மேலே புட்டி பூசித் தேய்த்து, ப்ரைமரும் பெயின்டும் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. பெயின்ட் அடிக்காமல் விட்டால் பத்து செ.மீ. தள்ளிப் புதிதாக ஒன்று ஆரம்பிக்கும், அதனால் அடைப்பதும் பூசுவதும் ஒரே வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு எண்ணெய், எலுமிச்சைத் தோல் ஊறவைத்த தண்ணீர், பாதாம் எண்ணெய் என்று வாசனை வைத்தியங்கள் நிறைய சொல்வார்கள். தெளித்த அன்றைக்கும் மறுநாளும் அந்தப் பக்கம் வராமல் இருக்கலாம், வாசனை போனதும் திரும்பி வரும். தேனீ இடம் தேடிச் சுற்றும் பருவத்தில் திரும்பத் திரும்பத் தெளிக்கப் பொறுமை இருந்தால் செய்யுங்கள், அதையே முழுத் தீர்வாக நம்ப வேண்டாம். சத்தமாகப் பாட்டுப் போட்டால் ஓடிவிடும் என்பதையும் அதே கணக்கில் சேர்த்துவிடலாம், முதலில் ஓடுவது பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும்.

பொறிகளும் உண்டு. ஒரு சின்ன மரப்பெட்டியின் பக்கங்களில் மேல்நோக்கிச் சாய்ந்த துளைகள், அடியில் ஒளி ஊடுருவும் ஒரு பாட்டில். ஏற்கெனவே போட்ட துளை என்று நினைத்து உள்ளே நுழையும் தேனீ, வெளியேற வெளிச்சத்தைத் தேடிக் கீழே இறங்கிப் பாட்டிலில் மாட்டிக்கொள்ளும். வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. ஆனால் பெயின்ட் இல்லாத மரம் அப்படியே இருக்கும்வரை புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும், பாட்டிலைக் காலி செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான். எனக்கு இதில் அவ்வளவு விருப்பம் இல்லை, ஏனென்றால் இந்தத் தேனீ நமக்குச் செய்யும் உபகாரம் சாதாரணமானதல்ல.

தக்காளி, கத்தரிப் பூக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் மகரந்தம் குழல் போன்ற பைக்குள் இருக்கும், நுனியில் மட்டும் சின்ன வாய். தச்சுத் தேனீ பூவைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அடிக்காமலே பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவைக்கும், அந்த அதிர்வில் மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். தேனடைத் தேனீயால் இதைச் செய்ய முடியாது. பேஷன் ஃப்ரூட் கொடிக்கு இது இன்னும் முக்கியம்: அந்தப் பூவின் அமைப்புக்குப் பெரிய உடம்புள்ள தேனீ அடியில் நுழைந்தால்தான் அதன் முதுகில் மகரந்தம் ஒட்டும், சின்னத் தேனீக்கள் எதையும் தொடாமலே தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். எல்லாப் பூவிடமும் இது யோக்கியமாக நடந்துகொள்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், நீளக் குழாய்ப் பூக்களில் நாக்கு எட்டாவிட்டால் அடியில் கீறித் தேனைத் திருடிக்கொள்ளும், மகரந்தத்தின் பக்கமே போகாது.

எனவே பின்புற வேலியிலோ, எதையும் தாங்காத பழைய கம்பத்திலோ, பட்டுப்போன கிளையிலோ ஓரிரு துளை இருந்தால் விட்டுவிடுவேன். மாடிப்படிக் கைப்பிடி, பால்கனித் தடுப்பு, ஊஞ்சல் மாட்டிய உத்தரம், மெல்லிய சட்டங்கள் என்றால் விடக் கூடாது, அங்கே ஆள் சாய்கிறார்கள், எடை தொங்குகிறது. பல துளைகள் உள்ள மரத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், நீளத்துக்கும் பொள்ளலாகச் சத்தம் வந்தாலோ ஸ்க்ரூடிரைவர் முனை எளிதாக உள்ளே இறங்கினாலோ துளை அடைப்பதெல்லாம் வீண், தச்சரைக் கூப்பிட்டு அந்தத் துண்டையே மாற்றிவிட வேண்டியதுதான். மாற்றும்போது கெட்டி மரமோ உலோகமோ சிமென்ட் ஃபைபர் பலகையோ போட்டுவிட்டால் அந்த இடத்தில் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

பூச்சிக்கொல்லித் தூளைத் துளைக்குள் ஊதி, சில நாள் திறந்து வைத்து, பிறகு அடைப்பது ஒரு முறை. பூச்சி ஒழிப்பவர்கள் இப்படித்தான் செய்வார்கள், வந்துபோகும் தேனீயின் உடம்பில் தூள் ஒட்ட வேண்டும் என்பதற்காக. எடை தாங்கும் மரம், நிறைய துளைகள், காலியாகும்வரை காத்திருக்க வழியில்லை என்ற நிலையில் மட்டும் அந்தத் தொழில் தெரிந்தவர்களிடம் விடுங்கள். ஏணி மேல் நின்றுகொண்டு தலைக்கு மேலே இருக்கும் துளைக்குள் நாமே தூள் ஊதினால் பாதி நம் முகத்தில்தான் விழும். அதே மருந்து பூவுக்கு வரும் மற்ற தேனீக்களையும் கொல்லும்.

யாரையாவது கொட்டிவிட்டால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் வலியும் வீக்கமும் தணியும். மூச்சு வாங்குவது, முகமோ தொண்டையோ வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பது, தலைசுற்றுவது இதில் எது வந்தாலும் ஒவ்வாமை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காத்திருந்து பார்க்கக் கூடாது.

தேனீக்களுக்கு மாற்று இடம் கொடுக்க விரும்புபவர்கள் தோட்டத்தின் தூரத்து மூலையில், மழை நேரடியாகப் படாமல், காலை வெயில் விழும் இடத்தில் பெயின்ட் அடிக்காத ஒரு தடித்த காய்ந்த கட்டையையோ, ஒரு பக்கம் கணு மூடிய மூங்கில் துண்டுகளையோ கட்டி வைக்கலாம். மூங்கிலின் உள்விட்டம் ஒன்றரை செ.மீ.யாவது இருக்கட்டும். கட்டையை வைத்துவிட்டால் வீட்டை விட்டுக் கிளம்பிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், பிறந்த இடத்துக்கே திரும்பும் பூச்சி இது. வீட்டுத் துளைகளை அடைத்துப் பெயின்ட் அடித்த அதே பருவத்தில் வைத்தால்தான், இடமில்லாமல் சுற்றும் பெண் தேனீக்கள் அதைக் கண்டுபிடித்துக் குடியேற வாய்ப்பு உண்டு.